பத்திரிகையில் இருந்த முகவரி

இன்று எங்கள் லேபில் ஒரு அம்மாவுக்குக் காலரா உறுதியானது. சுகாதாரத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

அவர் கணவரிடம் முகவரி கேட்டேன்.

"காரமடைன்னு எழுதிப்போடாதீங்க தம்பி. சூலூர்ல மச்சான் ஊட்டு அட்ரஸ் போட்டுக்குங்க. ஞாயித்துக்கிழமை புள்ளைக்குக் கண்ணாலம். கெணத்துல மருந்து கொட்ட ஆளுக வந்தா சம்பந்தி என்ன நெனப்பாங்க?"

"பந்திக்கும் அந்தக் கிணத்துத் தண்ணிதானுங்களா?"

"வேற ஏதுங்க?"

"அப்ப முடியாது. காரமடைல எந்தத் தோட்டத்து வீடு?"

"சொல்ல மாட்டனுங்க!"

கோபமாகக் கிளம்பியவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்து, மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினார். "கோவம் வேற, மொறை வேறீங்க. அவசியம் வந்துபோடோணும்."

அதில் தோட்டத்து முகவரி முழுசாக இருந்தது. அப்படியே படிவத்தில் எழுதி அனுப்பினேன். நாலு முறை போனும் செய்துவிட்டேன். "பார்க்கிறோம்" என்கிறார்கள்.

நீங்களே சொல்லுங்கள், நான் பந்தியில் உட்காரலாமா?