மைக் செட்டில் வந்த போலீஸ்

போன வருடம் வைகாசி மாதம். பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். டிகிரி முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அன்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். குரல் மட்டும் தெரிந்த குரல். பிளஸ் ஒன் எழுதி முடித்திருந்த என் டியூஷன் பெண்.

"அக்கா, எங்க வூட்டுல தம்பிக்குக் காதுகுத்துன்னு சொன்னாங்கல்ல, அது பொய்க்கா. எனக்கும் மாமாவுக்கும் கல்யாணம். நான் டுவெல்த் படிக்கணும்க்கா. யாரையாச்சும் கூட்டிட்டு வாக்கா."

எங்கம்மா ஏற்கெனவே 'காதுகுத்து'க்குக் கிளம்பிப் போயிருந்தார். நான் குழந்தைகள் உதவி எண்ணுக்கு அடித்தேன். அக்கறையாகத்தான் பேசினார்கள், உடனே கிளம்புகிறோம் என்றார்கள். ஆனால் தருமபுரியிலிருந்து வண்டி வந்து சேருவதற்குள் முகூர்த்தம் முடிந்து பந்தியே முடிந்துவிடும். ஸ்டேஷனுக்கு போன் போட்டால் லைன் பிஸி. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் போய்விட்டேன்.

ஸ்டேஷனில் ஈ காக்காய் இல்லை. வாசலில் துப்பாக்கியோடு ஒரே ஒரு பெண் போலீஸ். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். மற்றவர்கள் எங்கே என்றேன். பக்கத்து மாவட்டத்துக்கு யாரோ பெரிய தலைவர் வருகிறாராம், மொத்தப் பேரும் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்களாம். நான் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். கேட்டார். முகம் மாறியது. ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"நான் பாரா டியூட்டிங்க, காவலுக்கு நிக்கறேன். உள்ள ஆயுதம் இருக்குது, லாக்கப்புல ஒருத்தன் இருக்கறான். இதை வுட்டுட்டு நான் எப்படிங்க வர்றது? எஸ்.ஐ. அய்யாவுக்கு போன் போட்டுட்டேதான் இருக்கறேன், அங்க டவர் கிடைக்கல."

எனக்கு வந்ததே கோபம். "அப்போ தலைவர் வந்தா எங்க ஊருக்குச் சட்டம் லீவுங்களா? அந்தப் புள்ளைகிட்ட நாளைக்குப் படிச்சுக்கோன்னு சொல்லட்டுமா?" என்று கத்தினேன்.

அவர் என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். "என்கிட்ட எதுக்குங்க கத்தறீங்க? இந்த ஸ்டேஷனுக்கு எத்தனை ஆள் வேணும், எத்தனை பேர் இருக்கறோம்னு மேல போய்க் கேளுங்க. காலைல இருந்து பாத்ரூம் போவக்கூட ஆள் மாத்தி வுட ஆளில்ல எனக்கு!"

இருவரும் முறைத்துக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தில் எங்கம்மாவின் போன். ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் பாட்டு அலறியது. "ஏண்டி, இது காதுகுத்து இல்லடி, கல்யாணம்! அய்யரு வந்து உக்காந்துட்டாரு. புள்ள அழுதுட்டே இருக்குதுடி."

பெண் போலீஸ் சட்டென்று திரும்பினார். "அது என்ன சத்தம்? ரேடியோ செட்டா? செட்டு யாருதுன்னு கேளுங்க."

அம்மா பார்த்து ஆளைச் சொன்னார். எங்கள் சுற்றுவட்டாரத்தில் எல்லா விசேஷத்துக்கும் அவர்தான் மைக் செட். ஒவ்வொரு பண்டிகைக்கும் அனுமதிக்காக ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கிறவர். அவருடைய நம்பர் பெண் போலீஸின் போனிலேயே இருந்தது. உடனே அடித்து, அவரும் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, பாட்டை நிறுத்துங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டு மைக்குகிட்ட புடிங்க."

"ஐயோ மேடம், அவங்க என் சம்சாரத்து வழியில சொந்தமுங்க. எனக்கு வூட்டுல சோறு கிடைக்காதுங்க."

"பர்மிஷன் இல்லாமத்தான செட்டுக் கட்டியிருக்கறீங்க? ஆம்ப்ளிஃபயர் வேணுமா, சொந்தம் வேணுமா? சீக்கிரம் சொல்லுங்க."

பாட்டு நின்றது. அம்மா லைனிலேயே இருந்ததால் அடுத்து நடந்ததை நான் இரண்டு தடவை கேட்டேன். என் முன்னால் நின்று அவர் பேசுவது ஒரு தடவை. அதே குரல் எங்கள் ஊர்ப் பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் முழங்கி, என் போன் வழியாகத் திரும்பி வருவது இன்னொரு தடவை.

"போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேசறோம். கல்யாணப் பொண்ணுக்குப் பதினெட்டு வயசு ஆவல. தாலி கட்டறவரு மேல மட்டும் கேசு இல்ல. நடத்தி வெக்கிறவங்க, மந்திரம் சொல்றவரு, முன்னாடி நின்னு அட்சதை போடறவங்க, எல்லாரு மேலயும் கேசு வரும். ஜீப்பு கிளம்பிடுச்சு. புள்ளைமேல யாரும் கை வெக்கக் கூடாது."

அந்தப் பக்கம் சேர்கள் இழுபடும் சத்தம். அம்மா கிசுகிசுத்தார்: "அய்யரு பையத் தூக்கிட்டாருடி... மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வண்டியில ஏறுறாங்க... சமையக்காரரு அடுப்புல தண்ணிய ஊத்திட்டாரு!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஜீப் எங்கிருந்துங்க வருது?" என்று கேட்டேன்.

"ஜீப்பா?" என்றார் அவர், துப்பாக்கியை மறுபடி தோளில் சரிசெய்துகொண்டே. "அது மெக்கானிக் கொட்டாயில நிக்குது. இப்பவே போங்க. நீங்க போய் அந்தப் புள்ள கூட உக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். அவள் என் கையை விடவே இல்லை. அவளுடைய அப்பா என்னைத் திட்டாத திட்டு இல்லை. மதியத்துக்குமேல் தருமபுரியிலிருந்து அதிகாரிகள் வந்து எழுதி வாங்கிக்கொண்டு அவளை அழைத்துப் போனார்கள். இப்போது ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ படிக்கிறாள்.

அன்று சாயங்காலம் டிவியில் அந்தத் தலைவரின் வருகையைக் காட்டினார்கள். சாலையின் இரண்டு பக்கமும் பத்தடிக்கு ஒருவராக, வெயிலில் காக்கிச் சட்டைகள். யாரும் போகாத, யாரும் வராத சாலை. அதைக் காவல் காக்க அத்தனை பேர். அதில் ஒரே ஒருவர் எங்கள் ஸ்டேஷனில் இருந்திருந்தால் போதும். ரிமோட்டைத் தூக்கி எறிந்தேன். உடைந்த மூடியை இன்னும் ரப்பர் பேண்ட் போட்டுத்தான் வைத்திருக்கிறோம்.

ஊரில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், பெண் போலீஸின் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பிள்ளையின் வாழ்க்கை, பாட்டுப் போட ஆசைப்பட்ட ஒரு கல்யாண வீட்டாலும், கிளம்பாத ஒரு ஜீப்பாலும் தப்பித்தது. இதற்குப் பெயர் பாதுகாப்பா?

அடுத்த பிள்ளைக்கு இந்த அதிர்ஷ்டம் இருக்காது என்று நான் பயந்ததுதான் நடந்தது. மாசியில் என் டியூஷனுக்கு வரும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் தெருவில் பார்த்தபோது கழுத்தில் மஞ்சள் கயிறு. பந்தல் போடவில்லை, மேளம் இல்லை, மைக் செட் இல்லை. மலைமேல் ஏதோ கோயிலில் வைத்துக் கட்டிவிட்டார்களாம். புகார் கொடுக்க ஓடினேன். கொடுத்தும் விட்டேன். ஆனால் கட்டியது கட்டியதுதானே? அவளும் யாரையாவது கூட்டிவரச் சொல்லி எங்காவது ஒரு போனைத் தேடியிருப்பாளோ என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எங்கள் ஊர் பாடம் கற்றுக்கொண்டுவிட்டது. ஸ்டேஷனில் மட்டும் இன்னும் ஆள் போடவில்லை.

முன்பெல்லாம் விடியற்காலையில் குழாய் ஸ்பீக்கர் அலறினால் படிக்க முடியவில்லையே என்று எரிச்சலாக இருக்கும். இப்போது அந்தச் சத்தம் கேட்டால் நிம்மதியாகப் புத்தகத்தைத் திறக்கிறேன், ஊர் அமைதியாக இருக்கும் காலைகளில்தான் என் டியூஷன் பெண்களை ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்க்கிறேன்.