மணிக்கு வராத கஃபடீரியாக்காரர்

அமீரகத்தில் ஃபுஜைரா கடலோரச் சாலையில் சைக்கிள் சுற்றுலா போனேன். வழிகாட்டி கிடையாது, சைக்கிளையும் போனில் ஒரு வரைபடத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடல் அழகாம். நான் பார்த்ததெல்லாம் லாரிகளின் பின்சக்கரங்கள்தான். முதல் மேட்டிலேயே தண்ணீர் தீர்ந்தது. ஐம்பது வயதில் அநாதைப் பிணமாகப் போகிறேன் என்று நடுங்கியபோது ஒரு கஃபடீரியா தெரிந்தது.

வாசலில் சைக்கிளைவிட்டு இறங்காமலே "முருகா" என்று முனகியபடி மணியடித்தேன். வளைகுடாவில் கடைமுன் காரை நிறுத்தி ஹாரன் அடித்தால் டீ தானாக வரும். அந்தப் பழக்கம்.

தோளில் ஈரத் துண்டோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். துண்டை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே கவுண்டரை அழுத்தித் துடைத்தார். அழுக்கு நான்தான் போலிருந்தது.

"ஐஸ் வேணாம்ணே, போங்க."

"ஐஸ்காரன் இல்லண்ணே. தண்ணி வேணும். மயக்கமா வருது."

"மணிக்கெல்லாம் வரமாட்டேன். கால் இருக்குல்ல, எறங்கி வாங்க."

இறங்கினேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"கடைக்குள்ள விழுந்துராதீங்க. போலீசுக்கு நான்ல பதில் சொல்லணும்."

குடித்து முடிக்கும்வரை முறைத்துக்கொண்டே பக்கத்தில் நின்றார். விழுந்தால் பிடிக்கவா, வெளியே தள்ளவா என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் காரில் போய் ஹாரன் அடித்தேன். ஓடி வந்தார்.

"சொல்லுங்க சார், என்ன கொண்டாரட்டும்?"

முகமெல்லாம் சிரிப்பு. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. டீ வந்தது. நான் குடிக்கத் தொடங்கும் முன்பே அடுத்த காருக்கு ஓடிவிட்டார்.