அண்ணனுக்கு நான் மாற்றிப் படித்த கதை

என் அண்ணனுக்கு எழுத்து தெரியாது. அப்பா செத்த வருஷம் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், சில வருஷம் ஆடு மேய்த்துவிட்டு, பிறகு அரியலூர் பக்கம் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போனார். இது நடந்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன், அதுவும் அவர் உடைத்த கல்லில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் கேட்டால் நான் செய்தது ஏதோ சின்னக் குறும்பு போலத் தோன்றிவிடும்.

மாதம் ஒரு காமிக்ஸ் எங்கள் வீட்டுக்கு வரும். கறுப்பு அங்கியை விரித்துப் பறக்கிற ஒருவன் அதில் நாயகன். எங்களுக்கு அவன் அங்கிக்காரன். கூடவே அவன் தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். நான் படிக்கப் படிக்க அவர் விரல் படத்தின் மேல் நகரும். வேகமாகத் தள்ளினால், "இருடா, இன்னும் பாத்து முடிக்கல" என்பார். ஒரு தடவை கேட்டால் போதும், எந்தக் கதையில் எந்த வில்லன் எந்த விரலில் மோதிரம் போட்டிருந்தான் என்பது வரை சொல்லுவார். எனக்கு அந்த ஞாபகசக்தியில் கால்வாசிகூடக் கிடையாது.

நடுவில் ஒரு வருஷம் புத்தகம் நின்றுபோனது. பிறகு வேறு யாரோ போட ஆரம்பித்தார்கள். முதல் பக்கத்திலேயே, பழைய கதைகளையெல்லாம் மறந்துவிடுங்கள், எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது என்று அச்சடித்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி, நடந்துகொண்டே படித்தேன். அங்கிக்காரனுக்குக் கூடப்பிறந்தவர் யாருமே இல்லையாம். தம்பியாக இருந்தவன் இப்போது சம்பளத்துக்குக் கார் ஓட்டுகிறவன். அதே மூஞ்சி, அதே சுருட்டை முடி, அண்ணன் என்று கூப்பிட்டவன் முதலாளி என்று கூப்பிடுகிறான். என்ன அநியாயம் இது, கேட்க நாதியில்லையா என்று தோன்றியது.

வீட்டில் அண்ணன் விரலைப் படத்தில் வைத்துக் காத்திருந்தார். "தம்பிக்காரன் வந்துட்டான் பாரு" என்று சிரித்தார். முதலாளி என்று இருந்த இடத்தில் எல்லாம் அண்ணே என்று படித்தேன். அவர் மனசு நோகக் கூடாது என்றுதான் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. நான் என்ன சொன்னாலும் அவர் நம்புவார், பிடிபட மாட்டேன் என்கிற தைரியம் மீதி. அடுத்த மாதங்களில் அது ருசியாகவும் ஆகிவிட்டது. அண்ணன் தம்பி வசனங்களை நானே ஜோடித்துப் படித்தேன். அவர் கண் கலங்கினால் எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

நாலாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு சலூனுக்குப் போயிருந்தேன். என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்கள். தபால் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு சாரும் இருந்தார். அவர் காமிக்ஸ் பைத்தியம். கதையை மாற்றியதற்காகப் பதிப்பகத்துக்கு மாதம் தவறாமல் கார்டு போட்டுத் திட்டுகிறவர்.

"இத்தன வருசமா காசு குடுத்துப் படிச்சிருக்கோம். இப்ப வந்து அதெல்லாம் நடக்கவே இல்லைங்கிறான். நம்மள என்ன கேனயன்னு நெனச்சிட்டானா? தம்பியையே தூக்கிட்டான்யா" என்றார் சார்.

பாதி சவரத்தில் இருந்த அண்ணன் நாற்காலியிலிருந்தே சொன்னார்: "யாரு சார் சொன்னா? தம்பி இருக்கான். போன மாசங்கூட அணை ஒடையிறப்ப அவந்தான வந்து காப்பாத்துனான்."

"அது டிரைவருப்பா."

"இல்லைங்க சார். அண்ணேன்னு கூப்புடுறான். எந்தம்பி படிச்சிக் காட்டுனான்."

சலூன்காரர் பெஞ்சில் கிடந்த போன மாதப் புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "அந்த அணைப் பக்கத்தப் படி தம்பி. சண்டை தீந்துடும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சார் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அண்ணே என்று படித்தால் அந்த நிமிஷமே என் குட்டு உடையும். நான்தான் மாற்றிப் படித்தேன், அண்ணன் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பையன்கள் முன்னால் வாய் திறக்கவில்லை. "முதலாளி, ஜாக்கிரதை" என்று படித்தேன். தெளிவாக, பள்ளிக்கூடத்தில் படிப்பது போலப் படித்தேன்.

சலூன்காரர் சிரித்துவிட்டார். "எழுத்துத் தெரியாத ஆளுகிட்டப் போயி வாதம் பண்றீங்களே சார்." பையன்களும் சிரித்தார்கள்.

அண்ணன் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "தம்பி சரியாத்தான் படிச்சிருப்பான் சார். நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்" என்றார். தாடையைத் தூக்கி மீதிச் சவரத்துக்குக் காட்டினார்.

வழியில் அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை, படுபாவி. அடுத்த மாதமும் புத்தகம் வாங்கி வந்தார். "நீ படிச்சிக்க" என்று என் பையின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

காமிக்ஸ் போனால் போகட்டும். சில வருஷம் கழித்து நான் வாத்தியார் வேலைக்குப் படித்து முடித்து வீட்டோடு இருந்தேன். அண்ணனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பெரம்பலூரிலிருந்து பெண் வீட்டார் பதில் எழுதியிருந்தார்கள். கடிதத்தை வாங்கிய அண்ணன் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, "போஸ்ட் ஆபீஸ் சாருகிட்டப் படிச்சிக் கேட்டுட்டு வந்துடுறேன்" என்று கிளம்பினார். நான் வாசலிலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.