மீன்குழம்பில் கலந்த பொடி

என் கணவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். முன்பெல்லாம் தினமும் குடிப்பார். சந்தையில் விற்ற குடிமறப்புப் பொடியை வாங்கி, அவருக்குத் தெரியாமல் மீன்குழம்பில் கலந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போய்க் குடித்தவர், முகம் சிவந்து, மூச்சுத் திணறி வாசலில் சரிந்தார். ஆட்டோவில் அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே அவர் கை சில்லிட்டுவிட்டது. “என்னம்மா சாப்பிட்டாரு?” என்று டாக்டர் கேட்டதும் பயத்தில் முதலில் பொய்தான் சொன்னேன். கணவரின் கண் செருகியதும் மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். அந்தப் பொடியோடு சாராயம் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாம். எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

வீடு திரும்பியதும் பொடி கலந்ததை அவரிடமும் சொன்னேன். “சண்டை போட்ட. மறைச்சும் கலந்துட்ட. வைத்தியத்துக்கு வரீங்களான்னு ஒருநாளாவது கேட்டியா?” என்றார்.

“இப்ப கேக்குறேங்க” என்றேன். மறுநாள் குடியை நிறுத்தும் வைத்தியத்துக்காக இருவரும் திருச்சி பஸ் ஏறினோம்.

இப்போது அங்கே டாக்டர் தந்த மாத்திரையை அவர் உள்ளங்கையில்தான் வைக்கிறேன். குழம்பு ஊற்றினால், அவர் பார்க்க முதல் வாயை நான் சாப்பிடுகிறேன். அப்படிச் செய்யச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. எனக்குத்தான் பயம் போகவில்லை.