என் கைக்கு மட்டும் ஸ்டார்ட் ஆகும் காடி

எங்கள் தொழிலில் ஸ்டார்ட் ஆகாத காரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. சில நாள் ஆகி, சில நாள் ஆகாத காரைக் கண்டால்தான் பயம். எங்கள் மலேசியக் கிள்ளானில் காருக்குக் காடி என்று பெயர், மெக்கானிக்குக்கு ஃபோர்மன் என்று பெயர். நான் ஃபோர்மன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு காடி இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நான் பட்டதும் நீங்கள் பட்டதும் ஒன்றுதான்.

போனில் ஒரு சத்தம்

ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது, “என்ன சத்தம் வந்துச்சு?” வெறும் ‘டிக்’ என்றால் ஒரு கோளாறு. ‘கிர்ர்... கிர்ர்’ என்று இழுத்தால் வேறு கோளாறு. இதைக் கேட்டதும் நம் ஆட்களுக்குள் ஒளிந்திருக்கும் நடிகர் வெளியே வந்துவிடுவார்.

செந்தூலிலிருந்து ஓர் அண்ணன் கூப்பிட்டார். மாமாக் கடையில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் போலிருக்கிறது, பின்னால் கிளாஸ் கழுவும் சத்தம் கேட்கிறது. அத்தனை பேருக்கு நடுவே வாயைக் குவித்து, மூச்சுப் பிடித்து, ‘கிர்ர்ர்ர்’ என்று பாதி நிமிடம் இழுத்தார். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை, எனக்கு அது பிழைப்பு. “அண்ணே, கடைசியில ‘டக்’குன்னு ஒண்ணு கேட்டுச்சே, அதுவும் காடியில வருதா?” என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“அது என் பல்லு செட்டு, ஃபோர்மன். காடியில வராது.”

சரோஜா அக்காவின் அவசரம்

எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இருப்பவர் சரோஜா அக்கா. பிள்ளைகளை எல்லாம் கட்டிக்கொடுத்த பிறகுதான் லைசன்ஸ் எடுத்தார். மகள் பந்திங் ஊரில் இருக்கிறாள், போன மாதம்தான் குழந்தை பிறந்தது. அக்கா விடியற்காலையில் எழுந்து பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் செய்து, தன் கையாலேயே காடியை ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, சாயங்காலம்தான் திரும்புவார்.

அந்தக் காடிக்குத்தான் இந்த நோய். பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் புது மாதிரி வண்டி அது. அக்கா அழுத்தினால் சில நாள் எடுக்கும், சில நாள் ஒரு முனகல்கூட இருக்காது. அவருடைய வீட்டுக்காரர் மணியம் அண்ணன் அழுத்தினால் எப்போதும் எடுக்கும். அதனால் அண்ணன் தீர்ப்பு எழுதிவிட்டார்: இனியும் இப்படி நின்றுகொண்டே இருந்தால் காடியை விற்பது, பந்திங்குக்குத் தன் லோரியிலேயே அக்காவைக் கூட்டிப் போவது.

“நல்லதுதானே அக்கா, நீங்க ஜாலியா உக்காந்துட்டுப் போலாம்லா” என்றேன் நான், விவரம் தெரியாமல். அக்கா என்னை முறைத்தார்.

“அவரு வாசல்லயே லோரிய நிறுத்தி ஹாரன் அடிப்பாரு தம்பி. சாப்பாட்டக் குடுக்கத்தான் நேரம் இருக்கும், பிள்ளையத் தூக்க நேரம் இருக்காது.”

என் கைராசி

அதற்குப் பிறகு எனக்குச் சும்மா இருக்க மனசு வரவில்லை. அக்கா கூப்பிட்டதும் ஓடினேன். அவர் பின்சீட்டிலிருந்த பையைத் திறந்து, சாவியைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தார். நான் உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன், சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது. பேட்டரியைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. இருந்தாலும் மாற்றினேன். சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரியையும் மாற்றினேன். வயர்களை எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன்.

அந்த வாரமே மறுபடி நின்றது. மறுபடி ஓடினேன், மறுபடி அக்கா சாவியை எடுத்துக் கொடுத்தார், மறுபடி ஸ்டார்ட் ஆனது. காடியை என் பட்டறையிலேயே வைத்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் அழுத்திப் பார்த்தேன். ஒரு நாள்கூட என்னை ஏமாற்றவில்லை. மருந்து வாங்கப் போனால் வலி நின்றுவிடும் பாருங்கள், அந்த மாதிரி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. “அக்கா, நிக்கிறப்போ டேஷ்போர்டுல என்ன லைட்டு எரியுது? அதையாவது சொல்லுங்க” என்று கெஞ்சினேன்.

“லைட்ட யாரு பாத்தா? நான் வாசல்ல நிக்கிற அவரு மூஞ்சியத்தான் பாத்தேன்.”

பூண்டு மணக்கும் சாவி

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். காடியைப் பார்த்தது போதும், அக்காவைப் பார்ப்போம். அவர் பந்திங்குக்குக் கிளம்பும் நேரத்துக்குப் போய், பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மணியம் அண்ணன் வாசலில் பேப்பரும் கையுமாக இருந்தார். பேப்பருக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

அக்கா வந்தார். ஒரு கையில் பூ, பழம், குழந்தைத் துணி. இன்னொரு கையில் சூடு ஆறாமல் இருக்க உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய சாப்பாட்டுப் பை. சாவியின் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தார். கை காலியில்லை, அதனால் சாவியை அந்தப் பைக்குள் போட்டார். எவர்சில்வர் அடுக்குக்கும் ரசத் தூக்குக்கும் நடுவே அது சரிந்து இறங்கியது. ஜிப்பை இழுத்து மூடி, பையைப் பின்சீட்டுக்குக் கீழே வைத்தார். சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினார். சத்தமே இல்லை. வாசலில் பேப்பர் மடிந்தது.

நான் பின்னால் எட்டி, ஜிப்பைத் திறந்து, சாவியை எடுத்து முன்னால் வைத்தேன். “இப்ப அமுக்குங்க அக்கா.” ஸ்டார்ட் ஆனது. சாவி காடியோடு பேசினால்தான் காடி எழுந்திருக்கும். வெள்ளித்தாளுக்குள், இத்தனை எவர்சில்வருக்கு நடுவில் கிடந்தால் அது எப்படிப் பேசும்? துணிப் பையில் வைத்த நாளெல்லாம் எடுத்திருக்கிறது. சாப்பாட்டுப் பையில் போட்ட நாளெல்லாம் நின்றிருக்கிறது. அண்ணனுக்குச் சாவி எப்போதும் சட்டைப் பாக்கெட்டில். எனக்கோ, அக்காவே தோண்டி எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார். நான் சொல்லி முடித்ததும் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

“அவருகிட்ட சொல்லிடாத தம்பி. காடிய வித்தாக்கூடப் பரவாயில்ல, இத வெச்சே ஆயுசு முழுக்க சிரிப்பாரு.”

மணியம் அண்ணனின் மீன்

நான் என்ன செய்வது? “ஒரு வயர் லூஸ் அண்ணே, டைட் பண்ணிட்டேன்” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு அரைகுறை நம்பிக்கைதான். “பாப்போம்” என்று மட்டும் சொன்னார். விற்கும் பேச்சு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனிடமிருந்தே போன். பாசாருக்கு மீன் வாங்க வந்தாராம், காடி எடுக்கவில்லையாம். “அந்த வயரு மறுபடி லூஸ் ஆயிருச்சு. நாளைக்கே வித்துடறேன்” என்று கத்தினார். ‘அக்கா இனி ஹாரன் சத்தத்துக்குப் பிள்ளையைக் கீழே வைக்க வேண்டியதுதானா’ என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்: “அண்ணே, என்ன உடுத்தியிருக்கீங்க?”

“கைலி பனியன். ஏன்?”

பனியனில் பாக்கெட் கிடையாது. “சாவி எங்க அண்ணே? மீன் எந்தப் பையில இருக்கு?” வீட்டில் கைக்குக் கிடைத்த வெள்ளித்தாள் பையைத்தான் ஐஸ் கரையாமல் இருக்க எடுத்து வந்திருக்கிறார். சாவியும் அதற்குள்தான், மீனோடு. “அந்தச் சாவிய வெளிய எடுத்துட்டு அமுக்குங்க” என்றேன். ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்து எஞ்சின் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அண்ணன் குரல் ரொம்பப் பணிவாக வந்தது.

“ஒங்க அக்காகிட்ட இத சொல்லிடாத. காடி இருக்கட்டும், பந்திங்குக்கு அவளே ஓட்டிட்டுப் போவட்டும்.”

ஆக, கெட்டே போகாத ஒரு காடியை இரண்டு தடவை சரிசெய்துவிட்டு, ஒருவருக்கொருவர் மறைக்கும் ஒரே ரகசியத்தை இரண்டு பேருக்காகவும் கட்டிக் காத்துக்கொண்டு, அந்த வீட்டில் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் பூண்டுக் குழம்பையும் மீன் பொரியலையும் நிமிர்ந்து பார்க்காமல் விழுங்கிவிட்டு வருகிறேன்.