திலகம் அக்கா ஏற்றுக்கொண்ட பிழை

நேற்றுக் காலை வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ஒரு சின்னச் சண்டை. தண்ணீர்த் தாங்கி கழுவும் முறைப்பட்டியலை எல்லோரும் போனிலேயே திறந்து திருத்தலாம். அதில் யாரோ தன் பெயரை மெல்ல எடுத்துவிட்டார். ஆள் யாரென்று அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பெயரும் நேரமும் பக்கத்திலேயே நிற்கிறதே! இந்த வித்தையை ஒரு காலத்தில் பிரசங்கம் செய்து திரிந்தவன் நான்.

என் முதல் வேலை கொட்டாஞ்சேனையில், ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில். நினைத்தால் முதலில் மீன் அடைத்த மாலுபாண் வாசம்தான் வருகிறது. மூத்த கிளார்க் திலகம் அக்கா கொச்சிக்கடையில் பஸ் இறங்கி எல்லோருக்கும் வாங்கி வருவார். ஒரே சரக்குப் பட்டியலை ஐந்து பேர் திருத்துவோம். கணினியில் ‘கடைசி’, ‘கடைசி 2’, ‘சத்தியமாகக் கடைசி’ என்று கோப்புகள் குட்டி போட்டுக் கிடக்கும். எது சரியென்று அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

“சத்தியமா எண்டு போட்டதைத் தொட்டுடாதை, அதுதான் பிழை” என்பார்.

சேர்ந்த இரண்டாம் மாதம் அதைத்தான் அனுப்பித் தொலைத்தேன். கொண்டெய்னர் துறைமுகத்தில் நின்றுவிட்டது. மனேஜர் கதவை உதைக்காத குறையாக வந்தார். “ஆர் அனுப்பினது?” எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

“நான்தான் சேர். கண்ணாடி போடாமப் பாத்திட்டன்” என்றார் அக்கா.

அவரிடம் கண்ணாடியே கிடையாது. மனேஜருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அங்கே அதுதான் வழக்கம். புதியவரின் பிழையைப் பழையவர் யாராவது ஏற்றுக்கொள்வார்; மனேஜர் கத்தி முடித்துத் தேத்தண்ணி கேட்பார்.

அந்த வெட்கத்தில்தான் இணையத்தில் எல்லோரும் ஒரே கோப்பில் எழுதும் முறையைக் கொண்டுவந்தேன். ஒரு கிழமை வகுப்பு வேறு எடுத்தேன்.

“பழசு ஒண்டும் அழியாது அக்கா. ஆர், எப்ப, எதை மாத்தினதெண்டு எல்லாம் கிடக்கும்.”

“எல்லாமோ?”

“ஓம், எல்லாம்.”

அக்கா மாலுபாணைக் கீழே வைத்தார். “அப்ப கவனமாத்தான் இருக்கவேணும்.” அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டது என் மரமண்டை.

முறை நன்றாகவே நடந்தது. அடுத்த வருடம் ஹற்றனிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருந்த ரஞ்சினி, கொண்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டாள். சரக்கு நின்றது. மனேஜர் வந்தார். வழக்கம்போல அக்கா எழுந்தார். “நான்தான் சேர்.”

மனேஜர் கத்தவில்லை. திரையை அக்கா பக்கம் திருப்பினார். ரஞ்சினியின் பெயர் நேரத்தோடு நின்றது. “நான் என்ன செய்ய, திலகம்? முதலாளியும் வீட்டிலயிருந்து பாத்திட்டார்.”

“எனக்காகப் பொய் சொன்னீங்களே அக்கா” என்று அழுத ரஞ்சினிக்கு அந்த மாதத்தோடு வேலை போய்விட்டது.

அக்கா இப்போது ஹெந்தளையில் மகளோடு இருக்கிறார். அந்த அலுவலகத்தில் இன்று ஒரு கோப்பும் தொலைவதில்லை. ஆனால் அடுத்தவரின் பிழைக்கு “நான்தான் சேர்” என்று எழுந்து நிற்க இனி யாராலும் முடியாது. அந்த வழியால் தப்பி வந்தவன் நான். அதை அடைத்தவனும் நானே.