பதினோரு படகுகளும் ஒரே எழுத்தும்

தூத்துக்குடி விசைப்படகு உரிமையாளர் சங்கம் ஒன்றில் கணினி வேலை பார்க்கிறேன். விடியலில் கடலுக்குப் போகும் படகுகளின் பெயர்களை என் மடிக்கணினியில் அகரவரிசைப்படுத்துவேன். திரும்பியவற்றின் பட்டியல் துறைமுக அலுவலகக் கணினியில் தயாராகும். இரண்டையும் ஒப்பிட்டு, வராத படகுகளைக் காட்டும் கட்டளையை அங்கே நான்தான் எழுதி வைத்திருந்தேன்.

அன்று நண்பகலில் புயல் எச்சரிக்கை வந்தது. மூன்று மணிக்கு, சோதனைக்குப் பிறகு முதல் தடவையாக, அந்தக் கட்டளையை ஓட்டினேன். பன்னிரண்டு படகுகள் வரவில்லை என்றது திரை. சங்கச் செயலாளர் கடலோரக் காவலுக்குப் பேசப் போனை எடுத்தார். வாசலில் நின்ற பெண்களுக்குப் பெயர்களை வாசித்தேன். மூன்றாவது பெயரில் ஒரு அக்கா கத்தினாள்.

"ஏளா, என்ன வாசிக்க? அந்த போட்டு அங்கன கட்டிக் கிடக்கு. எங்க வீட்டுக்காரரு மீன் இறக்கிட்டு நிக்காரு!"

மறுபடி பார்த்தேன். பதினோரு பெயர்கள் 'ஜ'வில் தொடங்கின. ஒன்று மட்டும் 'ம'. கடல் எழுத்துப் பார்த்தா படகைப் பிடித்து வைக்கும்? சட்டென்று விளங்கிவிட்டது.

என் மடிக்கணினியில் தமிழ் மொழி அமைப்பு. அகராதியில் உள்ளபடி 'ன'வுக்கும் பின்னால், கடைசியில் 'ஜ' வரும். அலுவலகக் கணினியில் எந்த மொழியும் அமைக்கப்படவில்லை. எழுத்தின் குறியெண்ணைப் பார்த்து, 'ச'வை அடுத்தே 'ஜ'வை வைத்துவிடும். இரண்டு வரிசையும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பீடு சரிவரும். வரிசை பிசகினால் கட்டளையே எச்சரிக்கும். சோதித்தபோது தொந்தரவாக இருக்கிறதென்று அந்த எச்சரிக்கையை மறைத்து வைத்தவளும் நான்தான். இன்னும் லைன் கிடைக்காமல் நின்ற செயலாளரிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, பன்னிரண்டு இல்ல. ஒண்ணுதான் வரல."

"இப்ப ஒண்ணுங்குற. எதைம்மா நம்ப?"

"ரெண்டு நிமிஷம் தாங்க."

இரண்டு பட்டியலையும் அலுவலகக் கணினியிலேயே, ஒரே அமைப்பில் மறுபடி வரிசைப்படுத்தி ஒப்பிட்டேன். 'ம' மட்டும் மிஞ்சியது. அவர் அந்த ஒரு பெயரைத்தான் காவலுக்குச் சொன்னார். தேட வேண்டியது ஒரே படகு என்பதால் சீக்கிரம் கிடைத்தது. இன்ஜின் நின்று மிதந்துகொண்டிருந்ததாம். பொழுது சாயுமுன் கட்டி இழுத்து வந்தார்கள்.

வாசலுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அந்த அக்கா மட்டும் முறைத்தாள்.

"இனிமே வாசிக்கதுக்கு முன்னால படகுத் தொறையில ஒரு தடவ எட்டிப் பாரு, ஏளா."

பார்க்கிறேன். எச்சரிக்கையையும் மறைப்பதில்லை.